சட்டத்தில் எழுதாத பணம்: சாட் நாட்டு எண்ணெய்க் குழாய்த் திட்டம்

சாட் நாட்டின் டோபா வட்டாரத்தில், எண்ணெய்த் திட்டத்துக்காக வெட்டும் ஒரு மாமரத்துக்கு முதலில் பேசப்பட்ட இழப்பீடு, அந்நாட்டு நாணயத்தில், சில ஆயிரம் சிஎஃப்ஏ பிராங்க்தான். விறகு விலை என்றே சொல்லலாம். உள்ளூர்த் தன்னார்வ அமைப்புகள் விடவில்லை. புதுக் கன்று நட்டு அது காய்ப்புக்கு வரும்வரை அந்தக் குடும்பம் இழக்கிற பழத்தையும் சேர்த்துத்தான் கணக்குப் போட வேண்டும் என்று வாதாடின. இழுபறிக்குப் பிறகு, நன்றாகக் காய்க்கும் மரம் ஒன்றுக்கு 5 லட்சம் பிராங்குக்கு மேல் என்று முடிவானது.

மத்திய ஆப்பிரிக்காவின் சாட் நாட்டில் உலக வங்கியும், மூன்று எண்ணெய் நிறுவனங்களும், இரண்டு அரசாங்கங்களும் கூட்டுச் சேர்ந்து நடத்திய குழாய்த் திட்டத்தைப் பற்றிப் படிக்கிற ஒவ்வொரு தடவையும் நான் இந்த மாமரத்தில் வந்து நின்றுவிடுவேன். பெயர் சொல்லி எழுதி, விலை போட்டு, தட்டிக் கேட்க ஓர் ஆளும் இருந்த விஷயங்கள் இந்தத் திட்டத்தில் ஏறக்குறைய நடந்தன. எழுதாமல் விட்டவை கைநழுவிப் போயின. பிறகு, எழுதியதையே திருத்தி எழுதினார்கள்.

குழாய் வந்த வழி

சாட் நாட்டுக்குக் கடற்கரை கிடையாது. தெற்கே பருத்தியும் சோளமும் கம்பும் விளையும் டோபா சமவெளியில் 1970களிலேயே எண்ணெய் கண்டுவிட்டார்கள். 1979-ல் உள்நாட்டுப் போர் தலைநகர் இஞ்சமேனாவுக்குள்ளேயே புகுந்தது. நிறுவனங்கள் மூட்டை கட்டின. அப்புறம் 1988-ல் நிறுவனங்களோடு ஓர் ஒப்பந்தம் ஆனது. எண்ணெய் விலையில் நூற்றுக்கு 12.5 ராயல்டி, அதாவது எண்ணெய் எடுப்பதற்காக அரசுக்குத் தரும் பங்கு, என்று அதில் இருந்தது. போர் தின்ற அரசாங்கம் பேரம் பேசும் நிலையில் இல்லாத காலம் அது. அந்தப் பன்னிரண்டரைதான் பின்னால் வந்த எல்லாக் கணக்குக்கும் அடிமனை.

எண்ணெயை விற்க வேண்டுமானால் கடலுக்குக் கொண்டுபோக வேண்டும். அண்டை நாடான கமரூனைக் குறுக்கே கடந்து கிரிபி என்ற கடற்கரை ஊர்வரை 1,070 கிலோமீட்டருக்குக் குழாய் புதைப்பது என்று திட்டம். அதில் சுமார் 890 கிலோமீட்டர் கமரூன் மண். கிரிபிக் கரையிலிருந்து ஏறக்குறைய 11 கிலோமீட்டர் தள்ளி, கடலில் ஒரு சேமிப்புக் கப்பல் மிதக்கும். டேங்கர்கள் அங்கே வந்து நிரப்பிக்கொண்டு போகும். டோபா எண்ணெய் கெட்டியானது, அமிலத்தன்மை மிகுந்தது. அதனால் உலகச் சந்தை அளவுகோலான பிரென்ட் எண்ணெயின் விலையைவிடக் குறைந்த விலைதான் கிடைக்கும்.

1999 நவம்பரில், அதுவரை கூட்டில் இருந்த ஷெல், எல்ஃப் என்ற இரண்டு எண்ணெய் நிறுவனங்கள் விலகிக்கொண்டன. 2000-ல் புதுக் கூட்டு அமைந்தது: எக்ஸான்மொபில் 40 சதவீதம், மலேசியாவின் பெட்ரோனாஸ் 35, செவ்ரான் 25. செலவு 370 கோடி டாலர் என்று மதிப்பிட்டார்கள். கட்டி முடித்தபோது 400 கோடியைத் தாண்டியிருந்தது.

இதில் உலக வங்கி போட்ட பணத்தைப் பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2000 ஜூன் 6-ல் அதன் நிர்வாகக் குழு ஒப்புதல் தந்தது. குழாய் நிறுவனங்களில் பங்கு வாங்க சாட் அரசுக்கு 3.95 கோடி டாலர், கமரூன் அரசுக்கு 5.34 கோடி. வங்கிக் குழுமத்தைச் சேர்ந்த சர்வதேச நிதிக் கழகம் தன் கணக்கில் 10 கோடி கடன் தந்தது. எல்லாம் சேர்த்தாலும் மொத்தச் செலவில் நூற்றுக்கு ஐந்து சொச்சம். இந்த ஐந்துக்காக எக்ஸான்மொபில் ஏன் காத்திருந்தது? தேவைப்பட்டது குடை. உலக வங்கி உட்கார்ந்திருக்கும் திட்டத்தில் கைவைக்க எந்த அரசாங்கமும் இரண்டு தடவை யோசிக்கும், மற்றக் கடன்காரர்களும் துணிந்து வருவார்கள். வங்கிக்கோ வேறு கணக்கு இருந்தது. எண்ணெய் கிடைத்த ஏழை நாடுகள் மேலும் சீரழிந்த கதையைச் சாட்டில் மாற்றி எழுதிக் காட்டலாம் என்று நினைத்தது. மாதிரித் திட்டம் என்ற பேச்சு அங்கிருந்து கிளம்பியதுதான்.

ஆட்சேபம் இல்லாமல் இல்லை. அரசாங்கம் தயாராகும்வரை திட்டத்தை நிறுத்திவையுங்கள் என்று சாட்டிலும் வெளியிலும் பல அமைப்புகள் கேட்டன. தெற்கத்திய எம்.பி. இங்கார்லெஜி யொரொங்கார் திட்டத்தைக் கடுமையாகப் பேசியதால் 1998-ல் சிறைக்குப் போனார். 2001-ல் நூற்றுக்கும் மேற்பட்ட ஊர்க்காரர்களோடு சேர்ந்து வங்கியின் ஆய்வுக் குழுவிடம் முறையீடு கொடுத்தார். அதே ஆண்டு அதிபர் தேர்தலை ஒட்டி மறுபடி கைதாகிச் சித்திரவதைக்கு ஆளானார். அவரை விடுவிக்கச் சொல்லி வங்கித் தலைவர் வொல்ஃபென்சனே அதிபர் இத்ரிஸ் தெபிக்குத் தொலைபேசியில் பேச வேண்டியதாயிற்று. கடன் கொடுத்தவர் தொலைபேசி எடுத்தால்தான் ஒரு எம்.பி. வெளியே வருவார் என்றால் அந்த நாட்டில் சட்டத்தின் எடை என்ன என்று அப்போதே யாராவது யோசித்திருக்கலாம்.

நூறு டாலர் வந்தால்

வங்கியின் நிபந்தனைப்படி 1999 ஜனவரியில் சாட் ஒரு சட்டம் கொண்டுவந்தது. எண்ணெய் வருமானத்தை எப்படிப் பிரிப்பது என்பதை முன்கூட்டியே கட்டிப்போடும் சட்டம். எண்ணெய் ஒரு சொட்டு வருவதற்குமுன் ஒரு நாடு தன் கையைத் தானே கட்டிக்கொண்டது அபூர்வம்தான்.

100 டாலர் வந்தால் இப்படி. பணம் நேரே லண்டனில் ஒரு வங்கிக் கணக்குக்குப் போகும். கடன் தவணை போக மிஞ்சுவது 100 என்றால், அதில் 10 டாலர் எதிர்காலத் தலைமுறை நிதிக்கு. பாக்கி 90-ல் 72 டாலர் கல்வி, சுகாதாரம், ஊரக வளர்ச்சி, சாலை, தண்ணீர் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்கு. நாலரை டாலர் எண்ணெய் எடுக்கும் டோபா பகுதிக்கு. மிச்சம் பதின்மூன்றரை அரசின் நடப்புச் செலவுக்கு. முன்னுரிமைத் துறைக்கான பணத்தை எடுக்க ஒன்பது பேர் கொண்ட கண்காணிப்புக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்த ஒன்பதில் நான்கு பேர் தொழிற்சங்கம், மனித உரிமை அமைப்பு, மதத் தலைமை, தன்னார்வ அமைப்பு ஆகியவற்றின் பிரதிநிதிகள். மற்றவர்கள் அதிகாரிகளும் நீதிபதியும் எம்.பி.க்களும்.

காகிதத்தில் நல்ல ஏற்பாடு. குழு உறுப்பினர்கள் சும்மா கையெழுத்துப் போட்டுக்கொண்டிருக்கவும் இல்லை. ஊர் ஊராகப் போய்ப் பார்த்தார்கள். பணம் கொடுத்தும் முடியாமல் நின்ற கட்டடங்களையும் சந்தை விலையைவிடப் பல மடங்கு போட்ட ரசீதுகளையும் அறிக்கையில் எழுதினார்கள். எழுதியதோடு சரி. வழக்குப் போடும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. போட வேண்டியவர்கள் போடவில்லை.

சட்டம் தொடாத இடங்கள்

முதல் ஓட்டை எண்ணெய் வருவதற்கு மூன்று வருஷம் முன்பே தெரிந்துவிட்டது. கூட்டில் புதிதாகச் சேர்ந்த நிறுவனங்கள் 2000-ல் அரசுக்கு 2.5 கோடி டாலர் ‘கையெழுத்துப் போனஸ்’ கொடுத்தன. அதில் சுமார் 45 லட்சம் டாலர் ஆயுதம் வாங்கப் போனது. சட்ட மீறலா என்று பார்த்தால் இல்லை. சட்டம் ராயல்டியையும் பங்காதாயத்தையும்தான் சொன்னது. போனஸ் என்ற சொல் அதில் கிடையாது.

இரண்டாவது ஓட்டை பெரியது. நிறுவனங்கள் கட்டும் வருமான வரியும் சட்டத்துக்கு வெளியே இருந்தது. ஆரம்ப வருஷங்களில் வரி வராது, ராயல்டிதான் வரும் என்பதால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எண்ணெய் விலை ஏறியதும் நிலைமை மாறியது. லாபம் வந்தது, வரி வந்தது. சில வருஷத்தில் வரி ராயல்டியை முந்திவிட்டது. அந்தப் பணம் லண்டன் கணக்கைத் தொடாமல் நேரே கருவூலத்துக்குப் போனது.

மூன்றாவது, சட்டம் கோமே, மியாந்தும், பொலொபொ என்று மூன்று எண்ணெய் வயல்களைப் பெயர் சொல்லி நின்றுவிட்டது. பக்கத்திலேயே தோண்டிய புது வயல்களுக்கு அது பொருந்தாது. அதே மண், அதே குழாய், அதே நிறுவனம். எண்ணெய் மட்டும் சட்டத்துக்கு வெளியே.

இதையெல்லாம் எழுதியவர்கள் கவனக்குறைவானவர்கள் என்று நான் நினைக்கவில்லை. பேரத்தில் விட்டுக்கொடுத்தவையும் இதில் இருக்கும். பீப்பாய் 15 டாலர் விற்கும் உலகத்தில் கணக்குப் போட்டார்கள் என்பதும் உண்டு. திட்டத்தின் ஆயுள் முழுக்கச் சாட்டுக்குச் சுமார் 200 கோடி டாலர் வரும் என்று எதிர்பார்த்தார்கள். விலை ஏறியபோது அந்தக் கணக்கு எல்லாமே தலைகீழானது.

இரண்டு வேகம்

குழாய் வேலை நேரத்துக்கு முன்பே முடிந்தது. 2003 ஜூலையில் எண்ணெய் ஓடியது. திட்டமிட்டதைவிட ஏறத்தாழ ஒரு வருஷம் முன்னதாக. அக்டோபரில் விழா எடுத்துத் திறந்தார்கள். ஆனால் கணக்காளர்களுக்குப் பயிற்சி, எண்ணெய் அமைச்சகத்துக்கு ஆள், சுற்றுச்சூழல் கண்காணிப்பு, கண்காணிப்புக் குழுவுக்கு அலுவலகம் ஆகியவற்றுக்கென்று தனியாக வாங்கிய கடன்கள் அசைந்து அசைந்து நடந்தன. செனகலின் முன்னாள் பிரதமர் மமது லமின் லும் தலைமையில் வங்கி அமைத்த சர்வதேச ஆலோசனைக் குழு ‘இரண்டு வேகத் திட்டம்’ என்று இதைச் சொல்லிக்கொண்டே இருந்தது. இரும்புக் குழாய் ஒரு வேகத்தில், அதை நிர்வகிக்கும் அரசு இன்னொரு வேகத்தில். நிறுவனத்துக்கு ஒரு நாள் தாமதம் என்றால் வட்டி ஓடும். அதிகாரிக்குப் பயிற்சி தாமதமானால் யாருக்கும் காசு போகாது. எந்த வேலை முந்தும் என்பதில் ரகசியம் எதுவும் இல்லை.

கோமே எண்ணெய்த் தளத்தின் வாசலுக்கு எதிரே ஒரு குடிசை ஊர் முளைத்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் அத்தான். நம் காதில் உறவுமுறை போல விழும்; மூலம் ‘காத்திரு’ என்ற பிரெஞ்சுச் சொல். வேலைக்குக் கூப்பிடுவார்கள் என்று நாட்டின் மூலைமுடுக்கிலிருந்தெல்லாம் வந்தவர்கள் அங்கே காத்திருந்தார்கள். கட்டுமானம் உச்சத்தில் இருந்தபோது 10,000 பேருக்கு மேல் வேலை இருந்தது உண்மை. குழாய் புதைத்து மூடியதும் அந்த வேலையும் மூடியது. வாசலுக்குள்ளே மின்விளக்கு வெளிச்சமும் எரிவாயுச் சுடரும். வாசலுக்கு வெளியே காத்திருந்த ஊருக்கு மின்சாரம் வரவில்லை.

நிலத்தின் கதை இன்னும் நுணுக்கமானது. சாட்டின் தெற்கில் வயலை அளப்பது ‘கோர்டு’ கணக்கில். பிரெஞ்சில் கயிறு என்று பொருள். ஒரு கோர்டு ஏறத்தாழ அரை ஹெக்டேர். குடும்பத்தில் தலைக்கு மூன்றில் இரண்டு கோர்டுக்குக் கீழே நிலம் குறைந்தால் அந்தக் குடும்பம் ‘பிழைக்க முடியாதது’ என்று திட்டத்தில் விதி வைத்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கு வேறு தொழில் பயிற்சியோ வேறு நிலமோ தரப்படும். சரி, விதி இருக்கிறதே என்று தோன்றும். கிணறு அமைக்கும் மேடு, அதற்குப் போகும் சாலை, மின்கம்பி, சின்னக் குழாய் என்று ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்து கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தை எடுத்தது. எதிர்பார்த்த அளவு எண்ணெய் ஊறாததால் முதலில் சொன்னதைவிட அதிகக் கிணறு தோண்டினார்கள். ஒரு குடும்பம் முதல் தடவை கோட்டுக்கு மேலே இருக்கும், மூன்றாவது தடவை கீழே போயிருக்கும். கிணறுகள் நெருங்கிய ஊர்களில் தரிசு விட மிச்ச நிலம் இல்லாமல் போனது. மண்ணுக்கு ஓய்வு கொடுத்து வளர்த்த விவசாயம் அது. தரிசு போனால் விளைச்சலும் போகும்.

இழப்பீட்டைப் பொருளாகவும் வாங்கிக்கொள்ளலாம் என்றார்கள். பட்டியலில் கலப்பை, மிதிவண்டி, தையல் இயந்திரம் எல்லாம் இருந்தன. ஒரே வட்டாரத்தில் தையல் இயந்திரங்கள் குவிந்தால் சட்டை தைக்க ஆள் வேண்டாமா என்ற கேள்வி பட்டியலில் இல்லை.

கயிறு அறுந்த நாள்

2005-ல் சாட்டுக்குக் கிழக்கே சூடானின் டார்ஃபூர் பகுதி போரில் எரிந்துகொண்டிருந்தது. எல்லை தாண்டி அகதிகள் வந்தார்கள், கூடவே தெபியைக் கவிழ்க்கக் கிளம்பிய கிளர்ச்சிக்காரர்களும். படைக்குப் பணம் வேண்டும். லண்டன் கணக்கில் பணம் இருக்கிறது, தொட முடியவில்லை. டிசம்பர் 29-ல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. எதிர்காலத் தலைமுறை நிதி ஒழிக்கப்பட்டது. அரசு தன் இஷ்டத்துக்குச் செலவிடும் பங்கு இரு மடங்குக்கும் மேலாகி 30 சதவீதம் ஆனது. ‘முன்னுரிமைத் துறை’ என்ற சொல் அப்படியே இருந்தது. அதற்குள் பாதுகாப்பும் உள்நாட்டு நிர்வாகமும் வந்து உட்கார்ந்தன.

ஒரு சொல்லை நீக்கினால் கூச்சல் எழும். சொல்லை வைத்துக்கொண்டு பொருளை மாற்றினால் வரவுசெலவுக் கணக்கு பார்க்க அழகாகவே இருக்கும்.

அப்போது வங்கித் தலைவராக இருந்த பால் வொல்ஃபோவிட்ஸ் 2006 ஜனவரி 6-ல் புதுக் கடன்களை நிறுத்தினார். தர வேண்டிய 12.4 கோடி டாலரையும் தடுத்துவைத்தார். லண்டன் கணக்கும் முடங்கியது. பதிலுக்குத் தெபி, பணத்தை விடாவிட்டால் எண்ணெயை நிறுத்துவேன் என்றார். ஏப்ரல் 13-ல் கிளர்ச்சிப் படை இஞ்சமேனாவுக்குள் புகுந்து, சண்டையில் தோற்றுப் பின்வாங்கியது. அந்த மாதமே வங்கி இறங்கி வந்தது. ஜூலையில் புது உடன்பாடு: பட்ஜெட்டில் 70 சதவீதம் வறுமை ஒழிப்புக்கு. ஆகஸ்டில் தெபி செவ்ரானையும் பெட்ரோனாஸையும் வரி பாக்கி என்று சொல்லி நாட்டைவிட்டு வெளியேறச் சொன்னார். சில வாரத்தில் பணம் கட்டிச் சமாதானம் ஆனார்கள். அரசிடமிருந்து காக்க உலக வங்கி பிடித்த குடை அன்றைக்கு யாரையும் காக்கவில்லை.

2008 பிப்ரவரியில் கிளர்ச்சிக்காரர்கள் அதிபர் மாளிகை வாசல்வரை வந்தார்கள். அதற்குப் பிறகு வறுமை ஒழிப்பு உடன்பாட்டுக்கு யார் காவல் நிற்பது? செப்டம்பரில் சாட் மிச்சமிருந்த 6.57 கோடி டாலர் கடனை முன்கூட்டியே அடைத்தது. உலக வங்கி வெளியேறியது. அந்தக் கோடையில்தான் எண்ணெய் பீப்பாய் 140 டாலரைத் தாண்டியிருந்தது, சாட்டுக்கு 6.57 கோடி என்பது பெரிய தொகையே இல்லை. வங்கியின் பிடி குழாய் புதைக்கும்வரைதான் இருந்தது. அதற்குப் பிறகு பிடியும் அந்தக் கடனும் ஒரே அளவு.

அடுத்த ஆண்டு வங்கியின் சொந்த மதிப்பீட்டுப் பிரிவே அறிக்கை எழுதியது. குழாய் நன்றாகக் கட்டப்பட்டது, வறுமையைக் குறைப்பது என்ற அடிப்படை நோக்கம் நிறைவேறவில்லை என்று அதில் இருந்தது.

கமரூன் பக்கம்

கமரூன் பக்கத்துக் கதை சிறியது, அதனாலேயே கொஞ்சம் சீராகப் போனது. குழாய் காட்டை அறுத்ததற்கு ஈடாகக் கம்போ-மான், ம்பாம்-ஜெரெம் என்று இரண்டு தேசியப் பூங்காக்கள் அமைந்தன. கிரிபிப் பக்கக் காட்டில் வாழும் பக்யேலி மக்களுக்காக ஓர் அறக்கட்டளை வந்தது; அவர்களுக்குத் தேவைப்பட்ட நிலப் பத்திரமும் அடையாள அட்டையும் சுலபத்தில் வரவில்லை. குழாய் வழியாகப் போகும் ஒவ்வொரு பீப்பாய்க்கும் கமரூனுக்கு 41 சென்ட். எண்ணெய் 140 டாலர் விற்றபோதும் அதே 41 சென்ட். 2013-ல் மறுபேரம் பேசி 1 டாலர் 30 சென்ட் ஆக்கினார்கள்.

வந்து போன கூட்டாளிகள்

உலக வங்கி போன இடம் காலியாக இருக்கவில்லை. சீனாவின் தேசிய எண்ணெய் நிறுவனம் 60 சதவீதமும் சாட் அரசு 40 சதவீதமுமாக இஞ்சமேனாவுக்கு வடக்கே ஜெர்மாயாவில் சுத்திகரிப்பு ஆலை கட்டி 2011-ல் திறந்தன. சட்டம், குழு, லண்டன் கணக்கு எதுவும் இல்லை. நாட்டுக்குள்ளேயே பெட்ரோல் கிடைத்தது. ஜனங்கள் கண்ணால் பார்த்த முதல் எண்ணெய்ப் பலன் இதுதான் என்பேன். இந்தக் கூட்டும் சுமுகமாகப் போகவில்லை. விலைத் தகராறில் ஆலை சில வாரம் மூடிக் கிடந்தது. கச்சா எண்ணெயைத் திறந்த குழிகளில் கொட்டியதாகச் சொல்லி 2013-ல் அரசு அந்த நிறுவனத்தின் வேலையை நிறுத்தியது. பிறகு 120 கோடி டாலர் அபராதம் கேட்டு, 40 கோடியில் முடித்துக்கொண்டது.

அடுத்தவர் கிளென்கோர், சரக்கு வியாபார நிறுவனம். 2014-ல் செவ்ரான் தன் 25 சதவீதத்தை விற்றபோது சாட் அரசு 130 கோடி டாலர் கொடுத்து வாங்கியது. பணம் கிளென்கோர் கடன்; அடைப்பு, அரசின் பங்காக வரும் எண்ணெய்ச் சரக்கு. கையெழுத்துப் போட்ட சில மாதங்களில் எண்ணெய் விலை சரிய ஆரம்பித்து, 2016 ஜனவரியில் 30 டாலருக்குக் கீழே போனது. கடன் தவணை மட்டும் சரியவில்லை. அரசு ஊழியர்களின் படிகளை வெட்டினார்கள். ஆசிரியர்களும் மருத்துவமனை ஊழியர்களும் வேலைநிறுத்தம் செய்தார்கள். 1999-ன் சட்டம் 72 டாலர் ஒதுக்கியது இவர்களுக்குத்தான். 2015, 2018 என்று இரண்டு தடவை கடன் திருத்தி எழுதப்பட்டது. ஏழை நாடுகளின் கடனைத் திருத்தி எழுத ஜி20 நாடுகள் வகுத்த பொதுச் சட்டகத்தின் கீழ் 2022 நவம்பரில் மூன்றாவது தடவை. அந்தச் சட்டகத்தில் உடன்பாடு கண்ட முதல் நாடு சாட்தான்.

அதே ஆண்டு டிசம்பரில் எக்ஸான்மொபில் தன் பங்கை சாவன்னா எனர்ஜி என்ற பிரிட்டிஷ் நிறுவனத்துக்கு விற்றுவிட்டுக் கிளம்பியது. தெபி 2021-ல் போர்முனையில் இறந்துவிட்டார். ஆட்சி மகன் மஹமத்திடம். 2023 மார்ச்சில் மகனின் அரசு எக்ஸானிடமிருந்த சொத்துகள் அனைத்தையும் தேசியமயமாக்கியது. இப்படி விற்க அனுமதி தேவை, தங்களிடம் கேட்கவே இல்லை என்றது அரசு. ஒப்பந்தப்படிதான் வாங்கினோம் என்று சாவன்னா சர்வதேச நடுவர் மன்றத்துக்குப் போனது. அந்த வழக்கின் அடியில் இருந்தவற்றில் 1988-ன் ஒப்பந்தமும் ஒன்று.